ஜான் ஹென்றி லாய்ட்: பதிவேட்டின் எல்லைக்கு வெளியே ஆடியவர்

1949ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி நகரில் ஒரு பேஸ்பால் அரங்குக்குப் பெயர் சூட்டும் விழா நடந்தது. சூட்டப்பட்ட பெயர் அரசியல் தலைவருடையதோ பணம் கொடுத்த வணிகருடையதோ இல்லை. அதே நகரில் வாழ்ந்துகொண்டிருந்த 65 வயது கறுப்பின முதியவர் ஒருவரின் பெயர் அது. அந்நகரின் அஞ்சலகத்திலும் பள்ளிகளிலும் துப்புரவுப் பணி செய்தவர் அவர். பள்ளிப் பிள்ளைகள் அவரைத் தந்தையை அழைப்பதுபோல் 'பாப்' என்றே அழைத்தனர்.

அவர் பெயர் ஜான் ஹென்றி லாய்ட். பேஸ்பால் கண்ட மிகச் சிறந்த ஷார்ட்ஸ்டாப் ஆட்டக்காரர்களில் ஒருவர். கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் களத்தில் நின்றவர். ஆயினும் வெள்ளையரின் பெரும் லீக்குகளில் ஒரே ஓர் ஆட்டம்கூட ஆட அவருக்கு அனுமதி இல்லை. அவருடைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது ஓர் ஆட்டக்காரரின் புகழைப் பாடுவதற்காக மட்டுமன்று. திறமை மறுக்கப்படும் முறையையும், மறுப்பு முடிவுக்கு வந்த பின்னரும் அதன் கணக்கு தீராமல் நிற்பதையும் அவ்வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

லாய்ட் 1884 ஏப்ரல் 25 அன்று புளோரிடா மாநிலத்தின் பலாட்கா என்னும் ஊரில் பிறந்தார். அவர் பிறந்த ஆறாம் நாள், மே 1 அன்று, மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்னும் கறுப்பின ஆட்டக்காரர் டொலிடோ அணிக்காகப் பெரும் லீக்கில் களமிறங்கினார். கதவு சற்றே திறந்திருந்த காலம் அது. அது விரைவில் மூடப்பட்டது. 1887இல் இன்டர்நேஷனல் லீக் நிர்வாகிகள், இனிக் கறுப்பின ஆட்டக்காரர்களுடன் புதிய ஒப்பந்தம் செய்துகொள்வதில்லை என்று முடிவெடுத்தனர். பெரும் லீக்குகளின் விதிநூலில் அப்படியொரு தடை எழுதப்படவேயில்லை. அணி உரிமையாளர்கள் தமக்குள் செய்துகொண்ட வாய்மொழி உடன்பாடே அறுபது ஆண்டுகள் சட்டம்போல் நின்றது. எழுதப்படாத விதியே எல்லாவற்றிலும் கொடியது என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எழுதப்பட்டதை எதிர்த்து வழக்காடலாம். எழுதப்படாததை, அப்படியொன்று இல்லவே இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள்.

தந்தையைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே இழந்த லாய்ட் பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, கடையொன்றில் பொருள்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். 1905இல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகர அணியில், பந்து வீசுபவருக்கு எதிரே குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சராக ஆடினார். முகக் கவசம் வாங்கக்கூட அந்த அணிக்கு வசதி இல்லை. பந்துபட்டு முகம் வீங்கியபின், கம்பிக் கூடை ஒன்றை வாங்கி முகத்தில் மாட்டிக்கொண்டு ஆடினார் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கருவிகள் இல்லாத இடத்தில் கிடைத்ததைக் கருவியாக்கிக்கொண்ட ஒரு தலைமுறையின் வரலாறு அந்தக் கூடைக்குள் அடங்கியிருக்கிறது.

அடுத்த ஆண்டு அவர் வடக்கே சென்று கியூபன் எக்ஸ்-ஜயன்ட்ஸ் அணியில் சேர்ந்தார். பெயரில் கியூபா இருந்தாலும் அது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் அணி. 1907இல் பிலடெல்பியா ஜயன்ட்ஸ் அணிக்கு மாறினார். பிற்காலத்தில் தம் புகழுக்குக் காரணமான ஷார்ட்ஸ்டாப் இடத்தில் அவர் அக்காலத்தில்தான் நிலைகொண்டார்.

அந்த இடத்தின் கடுமையை அறியாமல் லாய்டின் பெருமையை அறிய முடியாது. பேஸ்பாலில் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையே நிற்பவர் ஷார்ட்ஸ்டாப். வலக்கை மட்டையாளர்கள் தரையோடு அடிக்கும் பந்துகளில் பெரும்பகுதி அவரை நோக்கியே வரும். அடித்தவர் 90 அடி தொலைவிலுள்ள முதல் தளத்தை ஏறத்தாழ நான்கு நொடிகளில் ஓடி அடைந்துவிடுவார். அதற்குள் பந்தை எட்டிப் பிடித்து, உடலை நிமிர்த்தி, களத்தின் குறுக்கே முதல் தளத்துக்கு எறிந்தாக வேண்டும். கரடுமுரடான தரையில் பந்து எப்படி எழும் என்று யாராலும் சொல்ல இயலாது. அக்காலக் கையுறையோ உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. சிறிய பிழையும் எல்லோர் கண்ணிலும் படும். பிழையின்றி ஆடினால், கடினமானது எளிதாகத் தோன்றிவிடும்.

லாய்ட் நெடிய உருவமும் நீண்ட கைகளும் உடையவர். தரையில் உருண்டுவரும் பந்தை மண்ணோடு சேர்த்து அள்ளி எடுத்து எறிவார். குளிர்காலங்களில் அவர் ஆடச் சென்ற கியூபாவின் ரசிகர்கள் இதைக் கண்டு, கரண்டி என்று பொருள்படும் 'எல் குச்சாரா' என்னும் பட்டத்தை அவருக்குச் சூட்டினர். அவர் தற்காப்பில் மட்டும் சிறந்தவரல்லர். இடக்கை மட்டையாளராகவும் முன்னணியில் நின்றார்.

கியூபாவில் நிறத்தடை இல்லாத லீக் இருந்தது. அமெரிக்காவில் சேர்ந்து ஆட முடியாதவர்கள் அங்கே எதிரெதிராக நின்றனர். 1910ஆம் ஆண்டின் இறுதியில் டெட்ராய்ட் டைகர்ஸ் என்னும் வெள்ளையர் அணி ஹவானாவுக்கு வந்தது. அக்காலத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரராகப் போற்றப்பட்ட டை காப் அவ்வணியில் இருந்தார். ஹவானா அணிக்காக ஆடிய லாய்ட், அத்தொடரில் மட்டை பிடித்தபோதெல்லாம் ஏறத்தாழ இரண்டுக்கு ஒருமுறை வெற்றிகரமாக அடித்தார். சராசரியில் காப் அவருக்குப் பின்தங்கினார். லாய்டின் கறுப்பினத் தோழர்களான கிராண்ட் ஜான்சனும் புரூஸ் பெட்வேயும்கூட காப்பை முந்தினர். ஒரே களமும் ஒரே விதியும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஹவானா விடை சொன்னது. அந்த விடை அமெரிக்காவுக்குள் நுழைய மேலும் 37 ஆண்டுகள் பிடித்தன.

வெள்ளைப் பத்திரிகையாளர்கள் லாய்டை 'கறுப்பு வாக்னர்' என்று அழைத்தனர். பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் வெள்ளையர் லீக்கின் தலைசிறந்த ஷார்ட்ஸ்டாப். பாராட்டாகவே சொல்லப்பட்டாலும் இவ்வகைப் பட்டத்தில் ஒரு படிநிலை ஒளிந்திருக்கிறது. அளவுகோல் வெள்ளையர், அளக்கப்படுபவர் கறுப்பினத்தவர். லாய்டின் ஆட்டத்தைக் கண்டபின் வாக்னரே, இப்படி ஒருவரோடு தம் பெயர் சேர்த்துச் சொல்லப்படுவது தமக்குப் பெருமை என்ற பொருளில் பேசியதாகப் பதிவாகியுள்ளது. அந்தப் பெருந்தன்மை அளவுகோலை ஒரு கணம் திருப்பிப் பிடித்தது. ஆனால் லீக்கின் கதவு ஒரு தனிமனிதரின் நற்பண்பால் திறக்கக்கூடியதாக இல்லை.

1911இல் லாய்ட் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஆடிய லிங்கன் ஜயன்ட்ஸ் அணியில் சேர்ந்து அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். 1914 முதல் சிகாகோவில் ரூப் ஃபாஸ்டரின் அமெரிக்கன் ஜயன்ட்ஸ் அணியில் ஆடினார். பின்னர் புரூக்ளின், கொலம்பஸ், அட்லாண்டிக் சிட்டி, ஹில்டேல், மீண்டும் நியூயார்க் என்று அணிகள் மாறிக்கொண்டே இருந்தன. கூடுதல் ஊதியம் கிடைக்கும் இடத்துக்குச் செல்வதை அவர் மறைத்ததில்லை. இதை நிலையின்மை என்று கருதுவது தவறு. வெள்ளையர் லீக்கில் ஓர் ஆட்டக்காரரை அவருடைய அணி தன் உடைமைபோல் கட்டிவைத்திருந்த காலத்தில், கறுப்பின ஆட்டக்காரர் தம் உழைப்பின் விலையைத் தாமே பேசினார். அது அவர்களிடம் எஞ்சியிருந்த ஒரே பேரம்.

1924இல் அட்லாண்டிக் சிட்டியின் பக்கராக் ஜயன்ட்ஸ் அணிக்கு அவர் திரும்பியபோது அங்கே டிக் லண்டி என்னும் இளம் ஷார்ட்ஸ்டாப் இருந்தார். 40 வயது லாய்ட் இரண்டாம் தளத்துக்கு நகர்ந்து, தம் புகழுக்குரிய இடத்தை இளையவருக்கு விட்டார். சினம் அடக்கியவர், மென்மையாகப் பேசுபவர், இளையோருக்குக் கற்றுக்கொடுப்பவர் என்று உடன் ஆடியோர் நினைவுகூர்ந்தனர். 'பாப்' என்ற பெயர் அப்படி வந்தது.

1930 ஜூலை 5 அன்று நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் முதன்முறையாக இரு கறுப்பின அணிகள் மோதின. ஒன்று லாய்ட் தலைமையிலான லிங்கன் ஜயன்ட்ஸ். மற்றொன்று பால்டிமோர் பிளாக் சாக்ஸ். அந்த ஆட்டங்கள் ஏ. பிலிப் ராண்டால்ஃப் கட்டியெழுப்பிய, தொடர்வண்டித் தூங்கும் பெட்டிகளில் பணிபுரிந்த கறுப்பினத் தொழிலாளர்களின் சங்கத்துக்கு நிதி திரட்ட நடத்தப்பட்டவை. பூட்டப்பட்டிருந்த மாபெரும் அரங்கின் கதவை ஒரு தொழிற்சங்கத்தின் தேவை தட்டித் திறந்தது. 46 வயதிலும் லாய்ட் அன்று களத்தில் இருந்தார். விளையாட்டும் போராட்டமும் வேறு வேறு என்போர் இந்த நாளை நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கே பல்வங்கர் பாலுவை நினைக்காமல் இருக்க முடியாது. லாய்ட் ஹார்லெமில் ஆடத் தொடங்கிய அதே 1911இல், தீண்டப்படாதோர் எனப்பட்ட சமூகத்திலிருந்து வந்த அந்தச் சுழற்பந்து வீச்சாளர் இந்திய அணியுடன் இங்கிலாந்து சென்று நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். பூனாவில் சக ஆட்டக்காரர்கள் அரங்குக்குள் தேநீர் அருந்தியபோது, அவருக்கு வெளியே மண் குவளையில் கொடுக்கப்பட்டது. இந்துக்கள் அணியின் முறையான தலைமை அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்கே அது கிடைத்தது. இரு விலக்கல்களும் ஒரே மாதிரி இயங்கவில்லை. அமெரிக்க நிறவெறி களத்தையே பிரித்தது. சாதி, களத்துக்குள் பந்தை வாங்கிக்கொண்டு பந்தலுக்குள் மனிதரை மறுத்தது. பிரிக்கப்பட்ட களத்தில் லாய்ட் அணித் தலைவராக, மேலாளராக, ஆசானாக உயர முடிந்தது. பொதுவான அணியில் இருந்த பாலுவால் அது முடியவில்லை. பிரிவினையை நியாயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்டோர் தமக்கென நிறுவனங்களைக் கட்டும்போது பிறக்கும் தலைமையையும், உள்ளே சேர்த்துக்கொண்டும் தலைமையை மறுக்கும் தந்திரத்தையும் பிரித்தறிய வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

லாய்ட் 1932இல், 48ஆம் வயதில் ஓய்வு பெற்றார். கறுப்பின லீக்குகளில் ஓய்வூதியம் என்ற ஏற்பாடே இல்லை. அட்லாண்டிக் சிட்டியில் துடைப்பம் பிடித்து வாழ்ந்தார். சிறுவர் பேஸ்பாலுக்குத் தம் நேரத்தைக் கொடுத்தார். 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கியபோது லாய்டுக்கு 63 வயது நிறைவடையப் பத்து நாள்களே இருந்தன. ராபின்சனும் 1945இல் கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் என்னும் கறுப்பின அணியில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடியவர்தாம். லாய்டின் தலைமுறை சமன்செய்த தரையில்தான் அவர் ஓடினார்.

காலம் தவறி முன்கூட்டியே பிறந்துவிட்டீர்களே என்று வருந்தியோரிடம், தாம் சரியான காலத்தில்தான் பிறந்ததாக லாய்ட் கூறினார். தம் தலைமுறை முழு ஆற்றலோடும் கண்ணியத்தோடும் ஆடியதால்தான் பின்வந்தோருக்குப் பெரும் லீக்கின் வாயில் திறந்தது என்பது அவர் கருத்து. பரிவை ஏற்க மறுக்கும் இந்தத் தன்மதிப்பு வணக்கத்துக்குரியது. ஆனால் அதைத் தடையை விதித்தவர்களின் விடுதலைப் பத்திரமாக யாரும் பயன்படுத்திவிடக் கூடாது. அவர் கசப்பைச் சுமக்கவில்லை என்பது அவருடைய மேன்மை. அதனால் குற்றம் குறைந்துவிடாது.

லாய்ட் 1964 மார்ச் 19 அன்று மறைந்தார். 1971இல் பேஸ்பால் புகழ்க்கூடம் கறுப்பின லீக் ஆட்டக்காரர்களைச் சேர்க்க முன்வந்தபோது, முதலில் அவர்களுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கத் திட்டமிட்டது. புகழிலும் தனிக்குவளை! எதிர்ப்பு எழுந்தபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதற்கென அமைக்கப்பட்ட குழு 1977 வரை ஒன்பது பேரை மட்டுமே தேர்ந்தெடுத்துவிட்டுக் கலைந்தது. கடைசி ஆண்டில் தேர்வான இருவரில் ஒருவர் லாய்ட்.

2020 டிசம்பரில் பெரும் லீக் நிர்வாகம், 1920 முதல் 1948 வரை இயங்கிய ஏழு கறுப்பின லீக்குகளைப் பெரும் லீக்குகளாக ஏற்றது. 2024இல் அவற்றின் புள்ளிவிவரங்கள் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. வெள்ளை நாளேடுகள் பொருட்படுத்தாத அந்த ஆட்டங்களைக் கறுப்பின வார இதழ்கள் அச்சிட்டு வைத்திருந்ததாலும், ஆய்வாளர்கள் பழைய நுண்படச் சுருள்களில் பல்லாண்டுகள் தேடியதாலும் இது இயன்றது.

ஆனால் அந்த எல்லைக்கோட்டைக் கவனிக்க வேண்டும். ரூப் ஃபாஸ்டர் நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கியது 1920இல். அப்போது லாய்டுக்கு வயது 36. அவருடைய கால்கள் மிக விரைவாகவும் கைகள் மிக உறுதியாகவும் இருந்த 1906 முதல் 1919 வரையிலான 14 ஆண்டுகள் அந்தப் பதிவேட்டுக்கு வெளியே நிற்கின்றன. அக்காலத்தில் முறையான லீக் இல்லை என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. முறையான லீக்கில் சேர விடாமல் தடுத்தவர்கள் யார் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. அநீதி இழைத்த அமைப்பே, ஈடு செய்யும்போதும் தன் விதிமுறையையே அளவுகோலாக வைக்கிறது.

நம் மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் லாய்டின் வாழ்க்கை விட்டுச்செல்லும் பணி இதுதான். நம் ஊர்களின் ஆட்டக்காரர்கள், கலைஞர்கள், சங்கம் கட்டியவர்கள் ஆகியோரின் பெயர்கள் எந்தப் பதிவேட்டில் இருக்கின்றன? அங்கீகாரம் வரும் நாளில் சான்று கேட்கப்படும். அன்று காட்டுவதற்கு நாமே எழுதிவைத்த தாள்கள் வேண்டும். அந்தக் கறுப்பின வார இதழ்கள் இல்லையென்றால், அட்லாண்டிக் சிட்டியின் துப்புரவுப் பணியாளர் ஒருவர் தம் காலத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்பதை இன்று யாராலும் மெய்ப்பிக்க முடிந்திருக்காது.