வெறுங்கால் ஆட்டத்திலிருந்து ஜகார்த்தா தங்கம் வரை: இந்தியக் கால்பந்துக்கு வியூகம் கற்பித்த சையது அப்துல் ரஹீம்

ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் வரலாற்றில் இந்தியக் கால்பந்து அணி இரண்டு முறை மட்டுமே தங்கப் பதக்கம் வென்றுள்ளது. முதலாவது 1951-ல் புதுடெல்லியில். இரண்டாவது 1962-ல் ஜகார்த்தாவில். இந்த இரண்டு வெற்றிகளின்போதும் அணியின் பயிற்சியாளராக இருந்தவர் ஒருவரே. அவர் ஐதராபாத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் சையது அப்துல் ரஹீம். இரண்டாவது தங்கத்தை வென்ற ஒன்பதே மாதங்களில் புற்றுநோய்க்கு அவர் பலியானார். அவருக்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மூன்றாவது தங்கம் இந்தியாவுக்குக் கிட்டவில்லை.

இந்த வெற்றிகளைத் தனிப்பட்ட வீரர்களின் திறமைக்கு மட்டும் உரியவையாகக் கருதிவிட முடியாது. திறமையான வீரர்கள் அவருக்கு முன்பும் இருந்தனர், பின்பும் வந்தனர். களத்தில் யார் எங்கே நிற்க வேண்டும், பந்து தம்மிடம் இல்லாத நேரத்தில் என்ன செய்ய வேண்டும், எதிரணியின் பலத்தை எந்த இடத்தில் உடைக்க வேண்டும் என்பதை ஒரு பாடமாக வகுத்துக் கற்பித்ததே ரஹீமின் தனித்தன்மை.

ஆசிரியராகத் தொடங்கிய வாழ்க்கை

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17-ல் ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் அதன் கால்பந்து அணியில் ஆடினார். பட்டம் பெற்றபின் நகரின் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். உடற்கல்வியிலும் பயிற்சி பெற்றார். 1943-ல் ஐதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளராகப் பொறுப்பேற்ற அவர், இறக்கும்வரை அப்பொறுப்பில் நீடித்தார்.

வகுப்பறையில் பழகிய ஒழுங்கு அவரது பயிற்சி முறையிலும் வெளிப்பட்டது. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக எதிரிகளை ஏமாற்றிச் செல்லும் டிரிப்ளிங் ஆட்டத்துக்கே அந்நாளில் ரசிகர்களின் கைதட்டல் அதிகம். ரஹீம் அதை ஊக்குவிக்கவில்லை. ஓடும் மனிதனைவிடக் கடத்தப்படும் பந்து வேகமானது என்பதே அவரது கணக்கு. பந்தை ஒரே தொடுதலில் அடுத்தவருக்கு அனுப்பிவிட்டு உடனே வெற்றிடத்தை நோக்கி ஓட வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட விளையாட்டின் விதியாகவே மாற்றிவிடுவது அவருக்கு எளிதாகப் பட்டது. சிறுவர்களுக்காக டிரிப்ளிங் செய்யவே அனுமதியில்லாத போட்டிகளை நடத்தினார். பலவீனமான காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்ற விதியுடன் வேறு போட்டிகளையும் நடத்தினார். வலது காலை மட்டும் நம்பும் வீரரை எதிரணி எளிதில் ஒரு பக்கமாக ஒதுக்கிவிடும். இரு கால்களாலும் ஆடுபவருக்கு இரு திசைகளும் திறந்திருக்கும். செலவே இல்லாத இந்த எளிய விதிகளால் ஐதராபாத்தில் ஒரு தலைமுறை வீரர்கள் உருவாயினர்.

ஐதராபாத் காவல்துறை அணி

1950-ல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சி அவரிடம் வந்தது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகளே இந்தியக் கால்பந்தின் மையமாக விளங்கிய காலம் அது. அந்த நிலையை ஐதராபாத் காவல்துறை அணி மாற்றியது. பம்பாயில் நடைபெற்றுவந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை அது வென்றது. டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் மோகன் பகானையும் வீழ்த்தியது. பின்னர் சந்தோஷ் கோப்பையையும் ஐதராபாத் மாநில அணி தொடர்ந்து இரண்டு முறை கைப்பற்றியது.

தென்னிந்தியத் தொழில் நகரங்களிலும் ராணுவக் குடியிருப்புகளிலும் கால்பந்து வேரூன்றிய காலமும் அதுவே. சுரங்க வேலைக்காகக் கோலார் தங்கவயலுக்கும், கண்டோன்மென்ட் பணிகளுக்காகப் பெங்களூருக்கும் செகந்திராபாத்துக்கும் சென்று குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மைதானம் ஒரு வழியைத் திறந்தது. அவர்களுள் ஒருவர் செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் வறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம். பயிற்சிக்காக ஐதராபாத் வந்து செல்ல மிதிவண்டி வாடகைக்குக்கூட வழியில்லாத அந்த இளைஞருக்கு, வாடகைப் பணத்தைத் தம் கையிலிருந்து கொடுத்து வரவழைத்தவர் ரஹீம். இந்தியா கண்ட மிகச் சிறந்த முன்கள வீரர்களில் ஒருவராகப் பலராம் உயர்ந்தார். நெடிதுயர்ந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜும் ஐதராபாத்தில் பிறந்தவரே.

ஹெல்சிங்கி தந்த பாடம்

தேசிய அணியின் பொறுப்பை ஏற்ற ரஹீமுக்கு முதல் வெற்றி விரைவிலேயே கிடைத்தது. 1951-ல் புதுடெல்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், சாஹு மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை இந்தியா வென்றது.

மறு ஆண்டே பேரிடி விழுந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. இந்திய வீரர்களில் பலர் அந்தக் குளிரில் வெறுங்காலுடன் ஆடினர். இந்தத் தோல்விக்குப் பிறகு காலணி அணிந்து ஆடுவது கட்டாயமாக்கப்பட்டது.

ஆனால் குறை காலணியில் மட்டும் இல்லை என்பதை ரஹீம் அறிந்திருந்தார். பின்களத்தில் இருவரை மட்டும் நிறுத்தும் பழைய முறையையே இந்தியா அப்போது பின்பற்றியது. வேகமாக இடம் மாறி ஆடும் ஐரோப்பிய முன்கள வீரர்களுக்கு எதிரே அந்த இருவரும் செயலிழந்து போயினர். நடுவில் ஒருவரைக் கூடுதலாக நிறுத்தி மூவரைக் கொண்டு பின்களத்தைக் காக்கும் முறைக்கு இந்தியா மாற வேண்டியிருந்தது.

அதே ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரியின் ஆட்டம் கால்பந்து உலகையே வியப்பில் ஆழ்த்தியது. சென்டர் ஃபார்வர்டு எதிரணியின் கோல் அருகே காத்திராமல் நடுக்களத்துக்குப் பின்வாங்கி ஆடுவது அந்த முறையின் உயிர்நாடி. அவரைத் தொடர்ந்து எதிரணியின் நடுத் தற்காப்பு வீரர் முன்னேறினால் அவருக்குப் பின்னே வெற்றிடம் உருவாகும். மற்ற முன்கள வீரர்கள் அதில் பாய்வார்கள். தொடராமல் நின்றுவிட்டால், நடுக்களத்தில் தடுப்பாரின்றி நிற்பவர் ஆட்டத்தைத் தம் விருப்பப்படி நடத்துவார். எப்படிப் பார்த்தாலும் தற்காப்பு அணிக்குச் சிக்கலே. இந்தச் சிந்தனையை இந்திய வீரர்களின் இயல்புக்கு ஏற்ப ரஹீம் கையாண்டார். ஐரோப்பியர்களோடு உடல் வலிமையில் மோத முடியாதவர்களுக்கு, குறுகிய பாஸ்களும் இடமாற்றமும் இயல்பான ஆயுதங்களாயின.

மெல்போர்னும் ரோமும்

மாற்றத்தின் பலன் நான்கே ஆண்டுகளில் தெரிந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் காலிறுதியில் போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை 4-2 என்ற கணக்கில் இந்தியா வென்றது. அந்த ஆட்டத்தில் நெவில் டிசோசா அடித்த மூன்று கோல்கள், ஒலிம்பிக் கால்பந்தில் ஆசிய வீரர் ஒருவரின் முதல் ஹாட்ரிக்காகப் பதிவாயின. ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதிக்கு முன்னேறிய முதல் ஆசிய நாடு என்ற பெருமையும் இந்தியாவுக்குக் கிடைத்தது.

அரையிறுதியில் எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. முதல் கோலை இந்தியாவே அடித்தது. ஆயினும் ஆட்டம் 1-4 என முடிந்தது. வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று நான்காம் இடத்துடன் அணி திரும்பியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்து கோல் வாங்கிய அணி அடைந்த வளர்ச்சி அது.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா இடம்பெற்ற பிரிவு கடினமானது. ஹங்கேரியிடம் 1-2 என்ற நெருக்கமான கணக்கில் தோற்ற இந்தியா, பிரான்ஸுடன் 1-1 எனச் சமன் செய்தது. பெருவிடம் 1-3 எனத் தோற்றதால் அடுத்த சுற்றுக்குச் செல்ல இயலவில்லை. எனினும் பி.கே.பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் ஆகிய மூவரும் முன்களத்தில் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டு ஆடும் வலிமை அங்கே வெளிப்பட்டது.

ஜகார்த்தா: நோயோடு வகுத்த வியூகம்

1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அணி புறப்பட்டபோது ரஹீமின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. களத்துக்கு வெளியேயும் சூழல் பகைமையாக மாறியது. இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி.சோந்தி எதிர்த்தார். அதனால் மூண்ட கோபம் இந்தியத் தூதரகம் தாக்கப்படும் அளவுக்குச் சென்றது. மைதானங்களில் இந்திய வீரர்கள் கூச்சலுக்கும் ஏளனத்துக்கும் ஆளாயினர்.

முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்ற இந்தியா, அடுத்து தாய்லாந்தை 4-1 எனவும் ஜப்பானை 2-0 எனவும் வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. ஆனால் தாய்லாந்துடனான ஆட்டத்தில் பின்களத்தின் தூணான ஜர்னைல் சிங்கின் தலையில் பலத்த காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது. உயரப் பந்துகளை ஓயாமல் தலையால் முட்டி விலக்க வேண்டிய இடத்தில் அந்தக் காயத்துடன் அவரை நிறுத்துவது ஆபத்தானது. அவரை ஒதுக்கிவைத்தாலோ அணியின் மன உறுதி குலையும்.

ரஹீம் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். ஜர்னைல் சிங்கை சென்டர் ஃபார்வர்டாக முன்களத்துக்கு அனுப்பினார். இளமையில் அவர் முன்களத்திலும் ஆடியவர் என்பதை ரஹீம் மறக்கவில்லை. அவரது உயரமும் உடல் வலிமையும் எதிரணித் தற்காப்பு வீரர்களைத் தம்பால் ஈர்க்கும். அதனால் பானர்ஜிக்கும் சுனிக்கும் பலராமுக்கும் இடம் கிடைக்கும் என்பது கணக்கு. தென்வியட்நாமுடனான அரையிறுதியில் இந்தியா 3-2 என வென்றது. சுனி இரண்டு கோல்களும் ஜர்னைல் ஒரு கோலும் அடித்தனர்.

இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென்கொரியா. காய்ச்சலால் முந்தைய ஆட்டங்களில் ஆடாதிருந்த தங்கராஜ் கோல் கம்பத்துக்குத் திரும்பினார். முதல் சந்திப்பில் பின்களத்தில் கண்ட ஜர்னைலை இப்போது தங்கள் கோல் அருகே கொரியர்கள் எதிர்கொண்டனர். ஆட்டத்துக்கு முந்தைய இரவு, தமக்குத் தங்கத்தைப் பரிசாகத் தருமாறு ரஹீம் கேட்டுக்கொண்டதாக வீரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தனர்.

1962 செப்டம்பர் 4. செனயான் மைதானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் திரண்டிருந்தனர். இந்தியாவுக்கு ஆதரவுக் குரல் கொடுத்த சிலருள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களும் இருந்தனர். 17-வது நிமிடத்தில் பானர்ஜி முதல் கோலை அடித்தார். அடுத்த மூன்றாவது நிமிடத்தில் ஜர்னைல் சிங் இரண்டாவது கோலை அடித்தார். கடைசி நிமிடங்களில் கொரியா ஒரு கோலைத் திருப்பியபோதும், 2-1 என்ற கணக்கில் தங்கம் இந்தியாவின் வசமானது.

விட்டுச்சென்ற இடம்

1963 ஜூன் 11-ல் ரஹீம் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. அவர் உருவாக்கிய வீரர்களின் வலிமையால் 1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது; 1970 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்றது. அதன்பின் ஆசிய அளவிலான பதக்கங்கள் எட்டாக்கனியாயின. மாணவர்களில் பானர்ஜி பின்னாளில் புகழ்பெற்ற பயிற்சியாளரானார். மகன் சையது ஷாஹித் ஹகீம் 1960 ஒலிம்பிக் அணியில் இடம்பெற்று, பின்னர் நடுவராகவும் பயிற்சியாளராகவும் பணியாற்றினார். 2024-ல் வெளிவந்த மைதான் என்ற இந்தித் திரைப்படம் ரஹீமின் கதையைப் புதிய தலைமுறையிடம் கொண்டு சேர்த்தது.

ஜகார்த்தாவின் வெற்றியையும், நோயோடு நின்ற பயிற்சியாளரின் உறுதியையும் திரை எளிதில் காட்டிவிடும். அதற்குக் கால்கோளாக அமைந்தது, ஐதராபாத் மைதானங்களில் பலவீனமான காலால் மட்டும் பந்தை உதைக்கப் பழகிய சிறுவர்களின் ஆட்டம். பெரும் பணமோ வெளிநாட்டு நிபுணரோ தேவைப்படாத அந்தப் பயிற்சியை இன்றும் எந்தப் பள்ளி மைதானத்திலும் நடத்தலாம். ஒரு பந்தும், விதியைச் சமரசமின்றிக் காக்கும் ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும்.