எல்லை கடந்த அரங்கு

போலந்து நாட்டின் வியலோபோலே என்னும் சிற்றூரில் 1915ஆம் ஆண்டு ததேயுஷ் காந்தோர் பிறந்தார். முதல் உலகப்போருக்குச் சென்ற தந்தை குடும்பத்திற்குத் திரும்பவேயில்லை. தாயின் அரவணைப்பில் வளர்ந்த காந்தோர், கிராக்கோவ் நுண்கலைக் கழகத்தில் பயின்று 1939இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டு செப்டம்பரில் நாசிப் படை அந்நகருக்குள் புகுந்தது.

போலந்து மக்களின் நாடக அரங்குகள் மூடப்பட்டன. மறைவாகக் கலைப்பணி புரிவோரை வதைமுகாம் அச்சுறுத்தியது. காந்தோரின் தந்தையும் 1942இல் ஆஷ்விட்ஸ் முகாமில் உயிரிழந்தார். ஆயினும் காந்தோர் இளம் ஓவியர்களைத் திரட்டி, தனியார் இல்லங்களில் நாடகம் நிகழ்த்தினார். 1944இல் நிகழ்ந்த 'ஒடிசியசின் மீள்வருகை'க்கு மேடையில்லை, திரைச்சீலையில்லை. போரில் சிதைந்த அறையே களம். சேறு படிந்த வண்டிச்சக்கரமும் உளுத்த பலகையுமே அரங்கப் பொருள்கள். கிரேக்க வீரன் ஜெர்மானியப் படைவீரனின் மேலங்கியுடன் தோன்றினான். நாடகம் நிகழ்ந்த அறையும் பார்வையாளர் அஞ்சி அமர்ந்திருந்த அறையும் ஒன்றே.

அன்று கட்டாயத்தால் அமைந்த எளிமை, பின்னர் அவரது கலைக்கொள்கையாயிற்று. 1955இல் 'கிரிகோட் 2' என்னும் நாடகக்குழுவைத் தோற்றுவித்தார். ஓவியமும் நாடகமும் அன்றாட வாழ்வும் ஒன்றாகக் கலக்கும் 'ஹேப்பனிங்' என்னும் நிகழ்வுக்கலையை 1965இல் வார்சாவில் நிகழ்த்திக் காட்டினார். 1967இல் 14 மீட்டர் நீளமுள்ள கடிதம் ஒன்றை அஞ்சல்காரர்கள் அந்நகரத் தெருக்களின் வழியே சுமந்து சென்றனர். கலைக்கூடத்தில் காத்திருந்தோர் அதனைக் கிழித்தெறிந்தனர். அதே ஆண்டு பால்டிக் கடற்கரையில், நீரில் நிறுத்திய மேடைமீது ஏறிய கலைஞர் ஒருவர், இசைக்குழுவை நடத்துவதுபோல் அலைகளை நோக்கிக் கையசைத்தார். மணலில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தோர் அந்தக் கடலோசையைக் கச்சேரியாகக் கேட்டனர். இந்நிகழ்வுகளில் பார்வையாளரும் படைப்பின் பகுதியாயினர்.

1975இல் அவர் உருவாக்கிய 'இறந்த வகுப்பு' உலகப்புகழ் பெற்றது. அதில் முதியோர், தம் இளமை உருவப் பொம்மைகளைச் சுமந்தபடி பள்ளிப் பலகைகளுக்குத் திரும்புகின்றனர். காந்தோரும் மேடையிலேயே நின்று நடிகர்களை நெறிப்படுத்தினார். 1990 டிசம்பரில், 'இன்று என் பிறந்தநாள்' நாடகத்தின் ஒத்திகைக் காலத்தில் அவர் மறைந்தார். நடிகர்கள் அதனைக் கைவிடவில்லை. அவரின்றியே 1991இல் அரங்கேற்றினர். அடக்குமுறையின் நடுவே ஓர் அறையை அரங்காக்கிய அத்துணிவே, தெருவையும் கடலையும் அவருக்கு அரங்காக்கியது.