பொன்னிற மருந்து தந்த சுப்பாராவ்

மழைக்காலத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து வயல்களிலும் ஓடைகளிலும் சேற்றில் இறங்கி வேலை செய்வோருக்கு எலிக்காய்ச்சல் வராதிருக்க, சுகாதாரத் துறையினர் டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுப்பது உண்டு. அந்த மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை ஆரியோமைசின். அது பிறந்த ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் சென்னையில் படித்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் ஆந்திரத்தின் பீமவரத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் இருமுறை தோற்றார். மூன்றாம் முறை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்ததால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை. அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். தான் கிடைத்தது.

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனார். போஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் இரவில் கழிவுக் கலங்களைக் கழுவிப் பிழைத்தார். உடல் உழைப்புக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்னும் பொருளை 1929-ல் பிஸ்கேயுடன் சேர்ந்து கண்டறிந்தார். ஆனாலும் ஹார்வர்டு பல்கலைக்கழகம் நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் தலைமையில் பணியாற்றிய டக்கர், மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பொன்னிற ஆரியோமைசினை எடுத்தார். 1948-ல் அது வெளிவந்தது. கிருமி புரதம் தயாரிப்பதைத் தடுத்து, வளரவிடாமல் செய்வது அதன் வேலை. பென்சிலினுக்கு அடங்காத பல கிருமிகளும் அதற்கு அடங்கின. அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் காலமானார்.

பின்னர் சில கிருமிகள் மருந்துக்கு மசியவில்லை. காரணம் 1980-ல் தெரிந்தது. கிருமியின் மேலுறைச் சவ்வில் ஒரு புரதம் பம்புபோல் இருக்கிறது. மருந்து மக்னீசியத்துடன் சேர்ந்து நிற்கும் உருவத்தை அது அடையாளம் காண்கிறது. ஒரு ஹைட்ரஜன் அயனியை உள்ளே விட்டு, மருந்தை வெளியே தள்ளுகிறது. ஓட்டைத் தோணிக்காரன் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதைப் போலத்தான். உள்ளே மருந்து சேராததால் கிருமி பிழைத்துக் கொள்கிறது.

அந்தப் பம்புக்கு அடையாளம் தெரியாதபடி, மருந்தின் உருவில் ஒரு கிளையை ஒட்டவைத்தனர் விஞ்ஞானிகள். 2005-ல் வந்த டைகெசைக்ளின் அப்படிப்பட்டது. அதற்கு வழி திறந்ததும் லெடர்லி ஆய்வுக்கூடம்தான்.

தேவையில்லாமல் மருந்தை விழுங்க விழுங்க, பம்பு உள்ள கிருமிகளே மிஞ்சிப் பெருகும். டாக்டர் சொன்னபோது, சொன்ன அளவில் சாப்பிடுவதே நல்லது.

சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. நூற்றாண்டையொட்டி 1995-ல் இந்திய அரசு தபால் தலை வெளியிட்டது.