அண்ணல் அம்பேத்கரின் அன்றாட ஒழுங்கு

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், இளைஞர்களுக்குச் சில சொற்கள் கூற விழைகின்றேன். அண்ணல் அம்பேத்கர் அவர்களின் போராட்டங்களைப் பற்றியும், அவர் வகுத்தளித்த அரசியலமைப்புச் சட்டத்தைப் பற்றியும் மேடைதோறும் கேட்டிருப்பீர்கள். ஆனால் அப்பெருமகனார் தம் வாழ்வின் ஒவ்வொரு நாளையும் எவ்வாறு செலவிட்டார் என்பதை நாம் அதிகமாகப் பேசுவதில்லை. ஆசிரியத் தொழிலில் நரைத்தவன் என்னும் முறையில் அதனையே இங்குக் கூறுகின்றேன்.

மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து வரும் மாணவரைப் பார்த்து, நேற்றைய பாடத்தை ஏன் படிக்கவில்லை என்று கேட்டால் பலவாறு விடை வரும். வீட்டில் இருப்பது ஓர் அறை. அதில் அறுவர் உறங்க வேண்டும். விடியுமுன் குழாயடியில் குடம் வைத்துக் காத்திருக்க வேண்டும். கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் தாய் நடவுக்குப் போவாள். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் சாக்குப்போக்குகள் அல்ல, உண்மைகளே. இத்தகைய உண்மைகளின் நடுவே வளர்ந்தவர்தாம் அண்ணலும்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், இன்றைய மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோவ் என்னும் படைமுகாம் நகரில், சுபேதார் ராம்ஜி, பீமாபாய் இணையருக்குப் பதினான்காவது மகவாக அவர் பிறந்தார். சிறுவயதிலேயே அன்னையை இழந்தார். அத்தையின் அரவணைப்பில் வளர்ந்தார். சாதாராப் பள்ளியில் வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற கோணிச்சாக்கில் தனியே அமர்ந்து படித்தார். பள்ளியின் தண்ணீர்ப் பானையை அவர் தொடலாகாது. கடைநிலை ஊழியர் உயரத்திலிருந்து ஊற்றினால்தான் குடிக்கலாம். அவ்வூழியர் வராத நாளில் மாலை வரை நாவறட்சிதான். தாகம் தீர்த்துக்கொள்ளும் நேரத்தைக்கூடப் பிறர் வகுத்த நிலையில் வளர்ந்த சிறுவன், தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளக் கற்றது எங்ஙனம்?

அதற்கு விடை பம்பாய் நகரின் பரேல் பகுதியில் கிடைக்கிறது. குடும்பம் அங்குத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் ஓர் அறையில் குடியேறியது. அடுப்பும் புகையும், பாத்திரமும் விறகும், அம்மிக்கல்லும் ஆடும் எல்லாம் அவ்வொரே அறையில். இரைச்சல் ஓய்ந்தாலொழியப் படிக்க இயலாது. தந்தை ராம்ஜி ஒரு வழி கண்டார். மகனை முன்னிரவிலேயே உறங்கச் செய்வார். தாம் இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பார். பின்னர் மகனை எழுப்பிவிட்டு, அவன் எழுந்த இடத்தில் தாம் படுத்துக்கொள்வார். மகன் மண்ணெண்ணெய் விளக்கொளியில் விடியும் வரை படிப்பான். இருவர் நீட்டிப் படுக்க இடமில்லாத அறையை, நேரத்தைப் பங்கிட்டு இரண்டு அறைகளாக்கினார் அந்தத் தந்தை. மாலை வேளைகளில் சிறுவன் சர்னி சாலைப் பூங்காவுக்குச் சென்று படித்தான். அங்கே அவனைக் கண்ட கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் பின்னாளில் பெருந்துணையானார். 1907இல் பள்ளியிறுதித் தேர்விலும், 1912இல் பி.ஏ. தேர்விலும் பீமராவ் தேறினார். 1913 பிப்ரவரியில் தந்தை மறைந்தார். அவர் மூட்டிய விளக்கு அணையவில்லை.

அவ்வாண்டே பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சேர்ந்தார். பிறருடன் சரிநிகராக அமர்ந்து உண்ணவும் உலவவும் வாய்த்த முதல் இடம் அதுவே. நகரின் கேளிக்கைகள் அழைத்தன. அவரோ நாளொன்றுக்கு 18 மணி நேரம் வரை படிப்பிலேயே செலவிட்டார் என வரலாற்றாசிரியர் எழுதுவர். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்று, மறுஆண்டு இலண்டன் சென்றார். உதவித்தொகைக் காலம் முடியவே, 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. தனிக் கப்பலில் அனுப்பிய நூல்கள் போர்க்காலத் தாக்குதலில் கடலில் மூழ்கின. பரோடாவில் பணியேற்றபோது தங்க இடம் தருவார் இல்லை. தங்கிய விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். ஒழுங்கு என்பது தன் மனவுறுதியால் மட்டும் அமைவதன்று. சாதி அதனை எந்நாளும் கலைக்க வல்லது என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும் கலைந்ததை அவர் மீண்டும் கட்டினார். 1918இல் பம்பாய் சிடென்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஊதியத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்தார். கோலாப்பூர் சாகு மன்னரின் உதவியும் நண்பர் ஒருவரின் கடனும் சேர, 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். காலையில் ஒரு துண்டு ரொட்டி, சிறிது மீன், ஒரு கோப்பைத் தேநீர். பின்னர் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்திற்கு நடை. கதவு திறக்கும்போது முதலாவதாக நுழைபவரும், மூடும்போது கடைசியாக வெளியேறுபவரும் அவரே. நண்பகல் உணவு பெரும்பாலும் இல்லை. இரவு பத்து மணிக்குப் பசி வாட்டும். அப்பளம் சுட்டு, ஒரு கோப்பைப் பாலுடன் உண்டு, மீண்டும் நூலைத் திறப்பார். உறங்குமாறு அறைத் தோழர் வற்புறுத்துவார். கையில் பணமுமில்லை, காலமுமில்லை. விரைந்து முடித்தாக வேண்டும் என்பதே அவர் மறுமொழி. 1923இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டம் அவரை வந்தடைந்தது. அவ்வாண்டுகளில் பம்பாயில் வறுமையோடு போராடிக் குடும்பத்தைக் காத்த அன்னை ரமாபாய்க்கும் அப்பட்டத்தில் பங்குண்டு.

1947 ஆகஸ்டில் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைமை அவரிடம் வந்தது. எழுவர் கொண்ட அக்குழுவில் ஒருவர் விலகினார், ஒருவர் மறைந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், வேறு சிலரும் பல காரணங்களால் வர இயலவில்லை. சுமை பெரும்பாலும் அம்பேத்கர் ஒருவர் தோளிலேயே விழுந்ததென, நம் சென்னை மாநிலத்தவரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி அவையிலேயே எடுத்துரைத்தார். நீரிழிவு நோய் வருத்திய உடலுடன் அப்பணியை அவர் முடித்தார்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். அண்ணல் உணவையும் உறக்கத்தையும் பலகாலம் புறக்கணித்தார். உடல் அதற்கு விலை கேட்டது. 1956 டிசம்பர் 5ஆம் நாள் இரவும் புத்தரைப் பற்றிய தம் நூலின் முன்னுரைத் தாள்களை அருகில் வைத்துப் பார்த்திருந்தவர், உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அகவை 65 மட்டுமே. ஆதலின் அவரது ஒழுங்கைக் கொள்ளுங்கள், பட்டினியைக் கொள்ளாதீர்கள். வேறு வழியின்றி அவர் பட்டினி கிடந்தார். நீங்கள் கிடக்கலாகாது என்பதற்காகவே அவர் உழைத்தார்.

மடியின்மைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆனால் மடியை நீக்க மாணவன் ஒருவனால் மட்டும் ஆகாது. விழித்திருக்க ஒரு தந்தை வேண்டும். பெற்றோர்களே, உங்களுக்கு எழுத்தறிவு இல்லாமலிருக்கலாம். மகனையும் மகளையும் குறித்த வேளையில் எழுப்பிவிட எழுத்தறிவு வேண்டியதில்லை. கழக உறுப்பினர்களே, தெருவுக்கு ஓர் அறை, அதில் ஒரு விளக்கு, மாலை ஆறு முதல் ஒன்பது வரை அமைதி: இம்மூன்றையும் தேடித் தருவது நம் கடன். இளைஞர்களே, நாளைக் காலை எத்தனை மணிக்கு எழுவது என்பதை இன்றிரவே உறுதி செய்யுங்கள். பரேலின் அந்த ஒற்றை அறையில் எரிந்த விளக்கு, நம் ஊர்களின் ஒவ்வோர் இல்லத்திலும் எரியட்டும்.