கொடி தெரியும், தறி தெரியுமா?

திருப்பூர் ஸ்டேஷன்ல இறங்கினா பக்கத்துலயே குமரன் ரோடு, குமரன் நினைவகம். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி-ஷர்ட் வாங்கப் போற அவசரத்துல நீங்களும் அதைக் கடந்து போயிருப்பீங்க. கொடி காத்த குமரன்னு சொன்னதும் ஸ்கூல் புத்தகத்துல பார்த்த படம் ஞாபகம் வரும். அவர் ஒரு நெசவாளர்ங்கிறது ஞாபகம் வருதா?

1904 அக்டோபர் 4-ம் தேதி சென்னிமலையில் பிறந்தார். ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் நடுவுல, முருகன் கோயிலுக்கும் பெட்ஷீட்டுக்கும் பேர்போன ஊர். (உங்க வீட்டு பீரோவிலேயே ஒரு சென்னிமலை பெட்ஷீட் இருக்கலாம், பாருங்க.) அப்பா நாச்சிமுத்து, அம்மா கருப்பாயி. வைத்த பெயர் குமாரசாமி. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்னுபோச்சு. அப்புறம் குடும்பத் தொழிலான தறிதான்.

கைத்தறி ஒருத்தர் பார்க்குற வேலை இல்லை. ஒருத்தர் தறிக்குழியில் உட்கார்ந்தா, தார் சுத்த, பாவு போட, கஞ்சி தோய்க்கன்னு வீடே கூட நிக்கணும். மழை பிடிச்சுக்கிட்டா பாவு காயாது, வேலை அப்படியே நிக்கும். கூலியோ நெய்து கொடுத்த துணிக்கு மட்டும். 19 வயசுல ராமாயியைக் கல்யாணம் பண்ணின குமரனுக்கு அந்த வருமானம் கட்டுப்படியாகலை. தறியை விட்டு எழுந்து திருப்பூர் வந்தார். பஞ்சு மில்லுல எடை போட்டுக் கணக்கு எழுதுற வேலை.

அவரோட கதையைச் சொல்றவங்க பெரும்பாலும் இந்த இடத்தை ஒரே வரியில தாண்டிடுறாங்க. எனக்கு என்னவோ இங்கதான் நிக்கணும்னு தோணுது. கைத்தொழில் இருந்தும், அது சோறு போடாததால ஊரை விட்ட பையன் அவர்.

பனியன் ஊராகிறதுக்கு முன்னாடி திருப்பூர் கதர் ஊர். கையால் நூற்ற நூலைக் கையால் நெய்தாதான் கதர். கைத்தறின்னா மில் நூலாகவும் இருக்கலாம். கடையில ரெண்டையும் ஒண்ணுன்னு சொன்னா நம்பாதீங்க. அந்நியத் துணியை விட்டுக் கதர் கட்டச் சொன்ன காந்தியின் பேச்சு, நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு வெறும் அரசியலா மட்டும் கேட்டிருக்காது. தேசபந்து வாலிபர் சங்கத்துல இளைஞர்களைச் சேர்த்தார்.

1932 ஜனவரி 4-ல் காந்தி கைதானார். நாடு முழுக்கப் போராட்டம், தடை. ஜனவரி 10-ம் தேதி திருப்பூரில் பி.எஸ்.சுந்தரம் தலைமையில் ஊர்வலம் கிளம்பியது. அதில் கொடியோடு நடந்தார் குமரன். போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தார். கொடியை மட்டும் விடலை. மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போச்சு. வயசு 27.

அந்த நாளில் காங்கிரஸ் கொடியின் நடுவே இருந்தது ராட்டை. சுதந்திரத்துக்கு அப்புறமும் தேசியக் கொடின்னா கையால் நூற்று, கையால் நெய்த துணிதான் என்று விதி இருந்தது. 2021 டிசம்பரில் அதைத் திருத்தி, மிஷினில் தயாரிச்ச பாலியஸ்டர் கொடியும் செல்லும்னு ஆக்கிட்டாங்க. விலை குறைஞ்சா வீட்டுக்கு வீடு கொடி ஏறும், சரிதான். ஆனா நெசவாளர் கைக்கு வந்த ஒரு வேலையும் அதுல கொஞ்சம் போச்சே.

இன்னொரு பக்கம் அதே கதரும் கைத்தறியும் லக்ஸுரி ஆயிடுச்சு. சப்யசாச்சி, ராஜேஷ் பிரதாப் சிங் மாதிரியான டிசைனர்கள் கதரை ஃபேஷன் மேடையில ஏத்திட்டாங்க. ரீல்ஸ்ல பார்த்துட்டு நீங்களும் கார்ட்ல போட்டு, விலையைப் பார்த்து எடுத்திருப்பீங்க. வாங்குறதுன்னா கைத்தறி முத்திரை இருக்கான்னு பாருங்க. கரையோரம் குட்டிக் குட்டி ஊசித் துளைகள் தெரியுதான்னும் பாருங்க, நெய்யும்போது துணி சுருங்காம இழுத்துப் பிடிக்கிற குச்சி விட்ட தடம் அது. அப்படியே, நெய்தவருக்கு இதுல எவ்வளவு போகும்னும் கேட்டுப் பாருங்க. கடைக்காரர் கொஞ்சம் முழிப்பார்.

2004-ல் நூற்றாண்டுக்குக் குமரன் தபால்தலை வந்தது. சென்னிமலையில் தறிச் சத்தம் இன்னும் கேட்குது. அந்தத் தறி வீட்டுப் பிள்ளைகளில் பலர் காலையில பனியன் கம்பெனிக்குத் திருப்பூர் பஸ் ஏறுறாங்க.