இருநூறில் ஒரு பங்கு

வானின் நீல நிறத்திற்குக் காரணம் கூறிய இராலே பிரபுவின் பெயரை இயற்பியல் பாடநூலில் கண்டிருப்பீர்கள். ஜான் வில்லியம் ஸ்ட்ரட் என்பது அவரது இயற்பெயர். 1842ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் 1865இல் முதலிடம் பெற்றார். ஆயினும் மாணவர் தம் கையால் கருவிகளைத் தொட்டுப் பழகும் ஆய்வகம் அன்று அங்கில்லை. பேராசிரியர் ஸ்டோக்ஸ் செய்துகாட்டியதைக் காண்பதோடு சரி. எனவே இளைஞர் ஸ்ட்ரட் கருவிகளை விலைக்கு வாங்கி, டெர்லிங் என்னும் ஊரிலிருந்த குடும்ப மாளிகையில் ஆய்வகம் அமைத்துத் தாமே பயின்றார்.

1879இல் மேக்ஸ்வெல் மறைந்தபின் கேவண்டிஷ் ஆய்வகத்தின் பேராசிரியர் பொறுப்பு இவரை வந்தடைந்தது. தமக்குக் கிடைக்காத பயிற்சியைத் தம் மாணவர்க்கு வழங்க முனைந்தார். கிளேஸ்புரூக், ஷா ஆகிய இருவர் துணையுடன் செய்முறை வகுப்புகளை ஒழுங்குபடுத்தினார். அவ்வகுப்புகளைப் பெண்களுக்கும் திறந்துவிட்டார். நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் இவரிடம் பயின்றவரே. 1884இல் பதவியைத் துறந்து டெர்லிங்குக்குத் திரும்பினார்.

அங்கு அவர் மேற்கொண்ட பணி, கேட்பதற்கு எளியது: வளிமங்களை எடைபோடுதல். கண்ணாடிக் கோளத்தை வெற்றிடமாக்கி எடைபோட வேண்டும். வளிமத்தை நிரப்பி மீண்டும் எடைபோட வேண்டும். சுற்றியுள்ள காற்றின் மிதப்பு விசை நாள்தோறும் மாறும். அதனை ஈடுசெய்யத் தராசின் மறுபக்கம் அதே பருமனுள்ள மற்றொரு கோளத்தைத் தொங்கவிட்டார். வெற்றிடமான கோளம் வெளிக்காற்றின் அழுத்தத்தால் மிகச் சிறிதளவு சுருங்கும். அதற்கும் திருத்தம் கண்டார்.

நைட்ரஜனின் முறை வந்தபோது சிக்கல் எழுந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கிப் பெற்ற நைட்ரஜனைவிட, ஒரு பகுதியை அம்மோனியாவிலிருந்து பெற்ற நைட்ரஜன் ஆயிரத்தில் ஒரு பங்கு இலேசாக இருந்தது. செய்முறைக் குறிப்பேட்டில் இத்தகைய வேறுபாட்டைச் சராசரிக்குள் புதைத்துவிட நம்மில் பலர் தயங்கமாட்டோம். இராலேயோ அதனைச் சுருக்க முயலாமல் பெரிதாக்க முயன்றார். காற்றுக்குப் பதிலாகத் தூய ஆக்சிஜனைப் பயன்படுத்தி, நைட்ரஜன் முழுவதும் அம்மோனியாவிலிருந்தே வருமாறு செய்தார். வேறுபாடு இருநூறில் ஒரு பங்காக வளர்ந்தது.

ஒழுங்கற்ற பிழையாயின் அளவுகள் உண்மை மதிப்பின் இருபுறமும் சிதறும். இங்கு அவ்வாறில்லை. காற்றிலிருந்து எவ்வழியில் பிரித்தாலும் கோளத்தை நிரப்பிய நைட்ரஜன் ஏறத்தாழ 2.310 கிராம், வேதிச்சேர்மங்களிலிருந்து பெற்றது ஏறத்தாழ 2.299 கிராம். இரு தொகுதிகளும் ஒன்றோடொன்று கலக்கவே இல்லை. 1892இல் 'நேச்சர்' இதழில் இதனை வெளியிட்டு, காரணம் அறிந்தோர் கூறுமாறு வேதியியலாரைக் கேட்டுக்கொண்டார். பெரும்புகழ் பெற்ற ஒருவர் தமக்குப் புரியவில்லை என்று பொதுவில் எழுதுவது எளிதன்று.

வில்லியம் ராம்சே இவ்வாய்வில் இணைந்தார். அவர் சூடான மெக்னீசியத்தைக் கொண்டு காற்றின் நைட்ரஜனை அகற்றினார். இராலே, 1785இல் கேவண்டிஷ் செய்த ஆய்வைப் பின்பற்றி மின்பொறியால் அகற்றினார். இருவருக்கும் எதனோடும் வினைபுரியாத வளிமம் ஒன்று எஞ்சியது. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றில் ஒரு பங்களவு இருந்தும் அதுவரை அறியப்படாதிருந்த அவ்வளிமத்தை 1894இல் உலகுக்கு அறிவித்தனர். அதுவே ஆர்கான்.

1904இல் இராலே இயற்பியலுக்கும் ராம்சே வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றனர். 1919இல் இராலே மறைந்தார். பரிசுத்தொகையை அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கே அளித்திருந்தார். அதைக்கொண்டு கேவண்டிஷ் ஆய்வகம் விரிவாக்கப்பட்டது.