விவசாயி மொழியில் பேசிய வானொலி: ஹெய்ட்டியின் ஜோன் டொமினிக்

ஜோன் டொமினிக் தன்னை ஊடகவியலாளர் என்று சொல்லிக்கொள்ள அவ்வளவாக விரும்பியவரல்ல. தான் படித்தது விவசாய விஞ்ஞானம், தன் தொழில் அதுதான் என்பதே அவர் நிலைப்பாடு. ஆனால் கரீபியன் கடலில் உள்ள சின்னஞ்சிறிய ஹெய்ட்டி நாட்டில், ஏறக்குறைய 30 வருடங்களாக மக்கள் அவரை அறிந்தது குரலால்தான். காலை 7 மணிக்கு அந்தக் குரலைக் கேட்காமல் வேலைக்குப் போகாதவர்கள் இருந்தார்கள். அவரை வெறுத்தவர்களும் கேட்டார்கள். இன்று தங்களைப் பற்றி என்ன சொல்லப்போகிறார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நான் அவரைப் பற்றி அறிந்துகொண்டது அமெரிக்க இயக்குநர் ஜோனதன் டெமி எடுத்த ஆவணப்படம் ஒன்றின் மூலம். அந்தப் படத்தின் பெயரே விவசாய விஞ்ஞானி என்பதுதான். வாயில் புகைக்குழாய், ஒல்லியான உடல், ஓயாமல் அசையும் கைகள். சிரிக்கும்போது முகம் முழுவதும் சிரிக்கிறது. சாகப்போகிற மனிதர் என்று தெரிந்துகொண்டே பார்ப்பதால் அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொள்வது கடினம்.

1930ஆம் ஆண்டு தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்தார். பாரிஸில் மேற்படிப்பை முடித்துவிட்டு 1950களில் நாடு திரும்பினார். அந்த வர்க்கத்துப் பிள்ளைகள் தலைநகரில் அலுவலகம் தேடுவார்கள். இவர் வடக்கே போய், நிலமற்ற விவசாயிகளோடு வேலை செய்தார். நிலம் யாருடையது, ஏன் அவர்களுடையது என்ற கேள்வியை அங்கேதான் கேட்கத் தொடங்கினார். 1957இல் பிரான்சுவா டுவாலியே ஜனாதிபதியானார். மறுவருடம் ஜூலையில், இராணுவ அதிகாரியாக இருந்த ஜோனின் அண்ணன் பிலிப், ஏழு பேரோடு சேர்ந்து ஜனாதிபதி மாளிகைக்கு அருகிலிருந்த படைமுகாமைக் கைப்பற்றி ஆட்சியைக் கவிழ்க்க முயன்றார். எண்மரும் கொல்லப்பட்டார்கள். ஜோனுக்கு அதில் பங்கிருக்கவில்லை. தம்பி என்பதே குற்றமாயிற்று. மாதக்கணக்கில் சிறையில் கிடந்தார். வெளியே வந்தபோது விவசாய விஞ்ஞானியாக வேலை செய்யும் வழி அடைபட்டிருந்தது.

சகோதரன் செய்ததற்காகக் குடும்பம் முழுவதும் விலை கொடுப்பது எப்படியிருக்கும் என்று எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வயல் மறுக்கப்பட்டவர் சினிமாவுக்குப் போனார். நண்பர்களோடு 1961இல் ஒரு குறும் ஆவணப்படம் எடுத்தார். திரைப்படக் கழகம் ஒன்றை நடத்தினார். நாஸி வதைமுகாம்கள் பற்றிய அலன் ரெனேயின் படத்தை அங்கே காட்டியதோடு கழகம் மூடப்பட்டது. ஜெர்மனியைப் பற்றிய படத்தில் தன் முகத்தை டுவாலியே கண்டுகொண்டார் என்றால், அந்தப் பார்வையாளர்களும் கண்டிருப்பார்கள்தானே. ஒன்றைச் சொல்லாமலே சொல்லலாம் என்ற பாடத்தை ஜோன் அங்கே கற்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பிறகுதான் வானொலி. 1935இல் தொடங்கப்பட்ட ரேடியோ ஹெய்ட்டியில் முதலில் நிகழ்ச்சி செய்பவராக நுழைந்து, 1970களின் தொடக்கத்தில் அந்த நிலையத்தையே தன் பொறுப்பில் எடுத்து, ரேடியோ ஹெய்ட்டி-இன்டர் என்று பெயரிட்டார். அமெரிக்காவில் இதழியல் படித்துவிட்டு வந்த மிஷேல் மொன்தாஸ் அவரோடு சேர்ந்தார். பின்னர் இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

அவர்கள் செய்த மிகப் பெரிய காரியம் மொழியில்தான் இருக்கிறது. ஹெய்ட்டியில் எல்லோருக்கும் தெரிந்த மொழி கிரியோல். சட்டமும் நீதிமன்றமும் பள்ளிக்கூடமும் அரச கடிதமும் பிரெஞ்சு. பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர்கள் மிகச் சிறுபான்மையினர். நிலத்தைப் பறிக்கும் பத்திரம்கூட விவசாயிக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் வந்தது. தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பம் வைத்துவிட்டு வருடக்கணக்கில் உள்ளே இருந்தவர்கள் எங்களிடையேயும் உண்டு. இதெல்லாம் மொழி ஆர்வலரின் வீண் கவலை என்று நினைப்பவர்கள் அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அதுவரை வானொலியில் கிரியோல் என்றால் பெரும்பாலும் பாட்டும் பகிடியும்தான். டொமினிக்கும் குழுவினரும் செய்தியை, அரசியல் அலசலை, நேர்காணலை கிரியோலில் கொண்டுவந்தார்கள். ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். விவசாயி தன் வாயால் தன் காணிப் பிரச்சினையைச் சொன்னார், நாடு கேட்டது. ஒலிவாங்கியின் முன்னால் அமைச்சருக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அரிசி விளைவிப்பவருக்கும் கிடைத்தது. 1987இல் புதிய அரசியலமைப்பு கிரியோலை அரச மொழியாக்கியபோது, அதற்கு வானொலி ஏற்கெனவே காதுகளைப் பழக்கியிருந்தது.

1971இல் தந்தை டுவாலியே இறந்து, 19 வயது மகன் ஜோன்-குளோட் ஆட்சிக்கு வந்திருந்தார். தொந்தோன் மக்கூட் என்ற துணைப்படை ஊரெங்கும் இருந்தது. அரசாங்கத்தை நேரடியாக விமர்சிக்க முடியாது. எனவே டொமினிக் வேறு நாடுகளைப் பற்றிப் பேசினார். 1979இல் நிக்கரகுவாவில் சொமோசா குடும்பத்தின் சர்வாதிகாரம் விழுந்ததை மிக விரிவாகச் சொன்னார். தந்தைக்குப் பின் மகன் என்று ஆண்ட குடும்பம், அதன் காவல் படை, அது ஓடிய விதம். கேட்டவர்களுக்கு விளங்கியது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலத்தில், ஒரு வசனத்தில் சொல்லப்பட்டதைவிடச் சொல்லாமல் விடப்பட்டதைக் கூர்ந்து கேட்கப் பழகியவர்கள் நாங்கள். அந்தக் கேட்கும் கலையும் அந்த ஒலிபரப்பில் பாதிப் பங்கு.

1980இன் கடைசியில் கயோ லோபோஸ் என்ற ஆளில்லாத பஹாமாஸ் தீவில், படகில் தப்பிப்போன ஹெய்ட்டி அகதிகள் நூறுக்கும் மேற்பட்டோர் வாரக்கணக்கில் உணவும் நீரும் இல்லாமல் சிக்கிக்கொண்டார்கள். அரசாங்கம் அசையவில்லை. ரேடியோ ஹெய்ட்டி அவர்களை மறக்கவிடவில்லை. அமெரிக்காவில் ரீகன் தேர்தலில் வென்றதும், மனித உரிமை பற்றி இனி வாஷிங்டனிலிருந்து கேள்வி வராது என்று டுவாலியே ஆட்சி கணக்குப் போட்டது. நவம்பர் 28ஆம் திகதி நிலையத்துக்குள் புகுந்து கருவிகளை உடைத்து, பணியாளர்களைக் கைதுசெய்தார்கள். சிலர் சித்திரவதை செய்யப்பட்டார்கள். டொமினிக் வெனிசுவேலாத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்து, பின்னர் நியூயோர்க் போய்ச் சேர்ந்தார்.

1986 பெப்ரவரி 7ஆம் திகதி மகன் டுவாலியே நாட்டைவிட்டு ஓடினார். மார்ச்சில் டொமினிக் திரும்பினார். விமான நிலையத்தில் பல்லாயிரம் பேர். தலைவர்களுக்கு அப்படிக் கூட்டம் வரும்; வானொலி அறிவிப்பாளருக்கு வந்தது. அதைவிடப் பெரிய விடயம் அதற்குப் பின்னால் நடந்தது. உடைந்துபோன நிலையத்தைத் திருத்தக் காசு இல்லை. கேட்பவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். வறுமையின் அடியில் இருந்தவர்கள்கூடத் தங்களால் இயன்ற சில்லறையைத் தந்தார்கள். அந்த வருடமே நிலையம் மீண்டும் ஒலித்தது.

அடுத்த வருடம் ஜூலையில் வடமேற்கே ஜோன்-ரபெல் பகுதியில், காணி கேட்ட விவசாயிகள் 139 பேர் நிலவுடைமையாளர்களின் ஆட்களால் கொல்லப்பட்டனர். அந்தப் பெயரை ரேடியோ ஹெய்ட்டி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது. நிலையத்தின் மீதும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1990 தேர்தலில் பாதிரியார் ஜோன்-பேர்ட்ராண்ட் அரிஸ்டிட் வென்றார். டொமினிக் அவரை ஆதரித்தார். 1991 செப்டெம்பரில் இராணுவம் அரிஸ்டிட்டைக் கவிழ்த்தது. மறுபடி நியூயோர்க். 1994இல் மறுபடி வீடு.

இதுவரையான கதையை நான் மதிக்கிறேன். இதற்குப் பிந்தியதைத்தான் அதிகம் மதிக்கிறேன். எதிரியைக் கேள்வி கேட்பது துணிச்சல். தன் ஆட்கள் அதிகாரத்துக்கு வந்த பின்னும் அதே கேள்வியைக் கேட்பது எத்தனை பேரால் முடிகிறது? 1996இல் அரிஸ்டிட்டையே தன் ஒலிவாங்கியின் முன் இருத்தி, அவரது இயக்கத்தினுள் நுழைந்த ஊழலைப் பற்றி விடாமல் கேட்டார். அந்த நேர்காணலின் பின் இருவருக்கும் இடையே பழைய நெருக்கம் இல்லை. மறுபுறம் அப்போதைய ஜனாதிபதி ரெனே பிரெவாலுக்கு ஆலோசகராகவும் இருந்தார். ஒரு ஊடகவியலாளர் அந்தக் கதிரையில் இருந்திருக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதற்காகக் குரல் தணிந்ததாகத் தெரியவில்லை. நச்சு இரசாயனம் கலந்த காய்ச்சல் பாணியைக் குடித்து 80க்கும் மேற்பட்ட சிறுவர்கள் இறந்த விவகாரத்தை மறக்கவிடாமல் பேசினார். பொலிஸைத் தங்கள் கைக்குள் கொண்டுவர முயன்றவர்களைப் பெயர் சொல்லிப் பேசினார். பழைய சர்வாதிகாரத்தின் ஆட்கள், பணக்கார இறக்குமதியாளர்கள், புதிய ஆளுங்கட்சிக்காரர்கள் என்று எல்லாப் பக்கத்திலும் எதிரிகள் சேர்ந்தார்கள்.

2000 ஏப்ரல் 3ஆம் திகதி. காலைச் செய்திக்கு முன், 6 மணி கடந்து சிறிது நேரத்தில், நிலைய முற்றத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். காவலாளி ஜோன்-குளோட் லூயிசாந்தும் அவரோடு இறந்தார். வேறு வாகனத்தில் பின்னால் வந்த மிஷேல் சில நிமிடங்களில் அங்கு வந்து சேர்ந்தார். டொமினிக்குக்கு அப்போது 69 வயது. அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. தலைநகரின் விளையாட்டரங்கில் நடந்த இறுதி நிகழ்வுக்குக் கிராமங்களிலிருந்து வைக்கோல் தொப்பியோடு விவசாயிகள் வந்தார்கள். நெல் விளையும் ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கின் ஆற்றில் அவரது சாம்பல் கரைக்கப்பட்டது.

அதே ஆண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு நேரத்தில், யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் தன் வீட்டில் கொல்லப்பட்டார். இரண்டையும் நான் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது கொலைகளுக்காக அல்ல, விசாரணைகளுக்காக. ஹெய்ட்டியில் ஒரு சந்தேகநபர் கைதின்போது காயமடைந்து மருத்துவமனையில் இறந்தார். உடல் பிணவறையிலிருந்து காணாமல் போனது. இன்னொருவரைக் கூட்டமொன்று அடித்துக் கொன்றது. விசாரித்த நீதிபதி மிரட்டல்களால் நாட்டைவிட்டே வெளியேறினார். 2014இல் ஒன்பது பேர் மீது குற்றஞ்சாட்டலாம் என மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை அறிக்கை போனது. கொலையைத் திட்டமிட்டவர் என்று எவரும் தண்டிக்கப்படவில்லை.

மிஷேல் ஒரு மாதத்தில், மே 3ஆம் திகதி, நிலையத்தைத் திறந்தார். காலையில் ஒலிபரப்பைத் தொடங்கும்போது கணவரைப் பெயர் சொல்லி வாழ்த்துவார், அவர் எதிரே இருப்பதுபோல. 2002 நத்தார் தினத்தன்று அவர் வீட்டின் மீது தாக்குதல் நடந்து, மெய்ப்பாதுகாவலராக இருந்த இளைஞர் உயிரிழந்தார். இன்னும் எத்தனை பேரை அடக்கம் செய்வது என்ற நிலையில், 2003 பெப்ரவரியில் அவரே நிலையத்தை மூடினார்.

ஒலிநாடாக்கள் எஞ்சின. தூசும் பூஞ்சணமும் பிடித்த ஆயிரக்கணக்கான பதிவுகளை மிஷேல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். துப்புரவாக்கி, எண்ணிமப்படுத்தி, கிரியோலிலும் விவரம் எழுதி, யாரும் இலவசமாகக் கேட்கக்கூடியதாக இணையத்தில் வைத்திருக்கிறார்கள். எனக்கு கிரியோல் தெரியாது. ஆனாலும் சிலவற்றைப் போட்டுக் கேட்டேன். டொமினிக்கைவிட அதிகம் கேட்பது மற்றவர்களின் குரல்கள்: பெண்கள், விவசாயிகள், நடுவே எங்கோ கூவும் சேவல். அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.